காயலும் கடல்வாயும்: தளவாய் வேலுத்தம்பியின் வாழ்வு

செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த நமக்கு ஏரி என்றால் மதகும் கலங்கலும்தாம் நினைவுக்கு வரும். தென்னேரியும் உத்திரமேரூர் ஏரியும் நமக்குச் சோறிட்ட நீர்நிலைகள். அவற்றின் கரையில் சண்டை மூண்டதுண்டு என்றால் அது மடைத் தண்ணீருக்காக மூண்ட சண்டையாகவே இருந்திருக்கும். உள்நாட்டு நீர்நிலையில் படை நின்று பொருத கதை நமக்குப் பழக்கமானதன்று.

ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் இரு கோடிகளிலும் அத்தகைய போர்கள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் பேரேரிகளில், 1813ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஆலிவர் பெரி என்னும் இருபத்தெட்டு வயது இளைஞர் ஈரி ஏரியில் ஆங்கிலேயரின் ஆறு கப்பல்களையும் ஒருசேரக் கைப்பற்றினார். மறு ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சாம்ப்ளேன் ஏரியில் தாமஸ் மக்டோனோ அதே போன்றதொரு வெற்றியை ஈட்டினார். இவ்விரு போர்களும் கடற்போர் வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுவன. அவற்றுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1808ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில், வேம்பநாட்டுக் காயலின் மீது ஆயுதம் தாங்கிய வள்ளங்களை இரவோடு இரவாகச் செலுத்தி ஆங்கிலக் கும்பெனியின் மீது போர் தொடங்கினார் ஒருவர். இன்றைய தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாயே அவர். கேரளத்தில் அவர் பெயரை அறியாதார் இல்லை. பிறந்த மண் நம் மாநிலத்தில் இருந்தும் நம்மில் பலர் அவரை அறியோம். அக்குறையைச் சிறிது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்குளத்தை அடுத்த தலக்குளம் என்னும் சிற்றூரில் 1765ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் குஞ்ஞுமாயிட்டிப் பிள்ளை; தாயார் வள்ளியம்மைத் தங்கச்சி. செண்பகராமன் என்பது அக்குடும்பத்துக்குத் திருவிதாங்கூர் மன்னர் வழங்கிய பட்டம். வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பது அவரது முழுப்பெயர். நாயர் குலத்தவர் எனினும், தமிழும் மலையாளமும் அண்டை வீட்டாரைப் போல் கலந்து வாழ்ந்த தென்திருவிதாங்கூரின் பிள்ளை அவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தலக்குளம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அவ்வூரிலிருந்து குளச்சல் தொலைவன்று. வேலுத்தம்பி பிறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்னர், 1741இல், மார்த்தாண்டவர்மர் அக்கடற்கரையில் டச்சுக்காரரைத் தோற்கடித்தார். தோற்றுச் சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளபதி பின்னர் மன்னரிடமே பணியில் அமர்ந்து, உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டு, நாட்டுப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி தந்தார். அவர் இறந்த 1777இல் வேலுத்தம்பிக்குப் பன்னிரண்டு வயது. கப்பலில் வந்த வெள்ளையரை வென்று பணிகொள்ள இயலும் என்பது அவ்வட்டாரத்துச் சிறுவர்களுக்குக் கதையன்று, கண்ணெதிரே நின்ற கோட்டைச் சுவர். பிற்கால வேலுத்தம்பியின் துணிவை விளங்கிக்கொள்ள இதனை மறத்தலாகாது.

அவர் அரசுப் பணியில் சேர்ந்து காரியக்காரர் என்னும் வட்டார அதிகாரியானார். இன்றைய வட்டாட்சியருக்கு ஒப்பான பதவி அது. வரி தண்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் அதன் பணிகள். மாவேலிக்கரையில் அவர் பணியாற்றினார் என்பர். மாவேலிக்கரைக்கு மேற்கிலும் வடக்கிலும் ஆறும் தோடும் காயலும் பின்னிக் கிடக்கும் நாடு விரிகிறது. அங்கே நெல் வருவதும் மிளகு போவதும் வரிப்பணம் செல்வதும் வள்ளத்தில்தான். நாஞ்சில் நாட்டின் அருகே வயலும் மலையும் கண்டு வளர்ந்தவர் நீர்நாட்டின் வழிகளை அறிந்தது போர்த்தொழில் பயின்றன்று. கணக்கெழுதும் பதவியிலிருந்தே எனக் கொள்வது தவறாகாது.

அப்போது திருவிதாங்கூரின் நிலை சீர்கெட்டுக் கொண்டிருந்தது. 1798இல் பட்டத்துக்கு வந்த பாலராமவர்மர் மிக இளையவர். ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கி நாட்டுக்கு வருவாய் பெருக்கிய திவான் இராஜா கேசவதாஸ் 1799இல் இறந்தார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியும் சங்கரநாராயணன் செட்டியும் மாத்துத் தரகனும் ஆட்சியைக் கைப்பற்றினர். கருவூலம் வறண்டபோது, செல்வரையும் அதிகாரிகளையும் ஒவ்வொருவராக அழைத்து இவ்வளவு தருக என்று கட்டளையிட்டனர். மறுத்தவர்க்குக் கசையடி கிடைத்தது. வேலுத்தம்பிக்கும் அழைப்பு வந்தது. பணம் திரட்ட மூன்று நாள் தவணை கேட்டுத் திரும்பிய அவர், பணத்தைத் திரட்டவில்லை; ஆட்களைத் திரட்டினார். தென்னாட்டு மக்கள் பெருந்திரளாக அவர் பின்னே திருவனந்தபுரம் சென்று கோட்டையைச் சூழ்ந்தனர். மன்னர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் சாட்டையடி பட்டுக் காதறுக்கப்பட்டுச் சிறை புகுந்தனர்.

மக்கள் எழுச்சியால் ஓர் ஆட்சி வீழ்ந்தது என்று மகிழும் நாம், காதறுப்பையும் அதனோடு சேர்த்தே எழுதவேண்டும். அவர் வாழ்வின் இரு பக்கங்களும் அந்த முதல் நிகழ்ச்சியிலேயே தெரிகின்றன.

அதன்பின் அவர் வணிகத்துறையின் தலைவரானார். இடையே வந்தவர்கள் சிலர் மறைந்தனர், சிலர் கொல்லப்பட்டனர். 1802ஆம் ஆண்டளவில் அவரே தளவாய். இவ்வுயர்வுக்குக் கும்பெனியின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் காலின் மெக்காலேயின் ஆதரவு பெரிதும் துணைநின்றது. பிற்காலத்தில் இந்தியக் கல்வி பற்றிய குறிப்பால் பெயர் பெற்ற மெக்காலேயின் பெரிய தந்தையார் இவர். இளமையில் ஏறத்தாழ நான்காண்டுகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டேவிட் பேர்டு முதலியோருடன் சிறையிருந்தவர். அந்தப் பேர்டு, 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் ஹைதரலியின் படையிடம் சிக்கியவர். சிறையில் சுதேசி மன்னரின் வலிமையைக் கண்டு மீண்ட ஒருவர், மற்றொரு சுதேசி அரசைப் பிடியில் வைத்திருக்கும் பணியில் எத்துணை இறுக்கமாக இருந்திருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

தளவாயாக அவர் செய்த பணிகள் பல. கருவூலத்தின் கடனைத் தீர்த்தார். நில அளவையையும் வரிக் கணக்கையும் ஒழுங்குபடுத்தினார். சாலைகள் அமைத்தார். சங்ஙனாச்சேரிச் சந்தை அவர் காலத்தில் ஏற்பட்டது. அதுவும் படகு சென்று சேரும் நீர்த்துறையின் ஓரத்தில் அமைந்தது. கையூட்டு வாங்கிய அலுவலர்களை அவர் மன்னித்ததில்லை. ஊர் ஊராகச் சென்று மரத்தடியில் வழக்கு விசாரித்து அங்கேயே தண்டனை நிறைவேற்றினார். கசையடியும் உறுப்புக் குறைத்தலும் அத்தண்டனைகளுள் அடங்கும். திருடர் பயம் ஒழிந்தது என்று மக்கள் வாழ்த்தினர். அவரைக் கண்டும் பயந்தனர்.

1804இல் நேர்ந்த நிகழ்ச்சியை இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். செலவைக் குறைக்க நாயர்ப் படையினரின் படிகளை வெட்டினார் வேலுத்தம்பி. ஏறக்குறைய பதினாயிரம் வீரர்கள் கொதித்தெழுந்து தலைநகர் நோக்கி நடந்தனர். தளவாயின் உயிரும், கும்பெனியோடு கொண்ட உறவின் முறிவும் அவர்கள் கோரியவை. வேலுத்தம்பி வடக்கே கொச்சிக்கு விரைந்து மெக்காலேயிடம் அடைக்கலம் நாடினார். பின்னர்ப் படைத்துணையோடு திரும்பிக் கலகத்தை அடக்கினார். தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். கிருஷ்ணபிள்ளை என்பவரின் கால்களை இரண்டு யானைகளில் பிணித்து உடலைக் கிழித்தனர் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் கூறுகின்றன. கும்பெனியை வெளியேற்றுக என்று அன்று கேட்டவர்களை அவ்வாறு ஒழித்தவர், நான்கே ஆண்டுகளில் அதே கோரிக்கையோடு தாமே எழுந்தார். ஒழிந்த வீரர்கள் அப்போது அவருக்குத் தேவைப்பட்டிருப்பார்கள்.

அடைக்கலத்துக்கு விலை வந்தது. 1805இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கும்பெனிப் படையின் செலவுக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் தரவேண்டும். முன்பிருந்த தொகையைப் போல் இது இரு மடங்கு. உள்நாட்டு ஆட்சியிலும் கும்பெனி தலையிடலாம் என்ற விதியும் அதில் இருந்தது. மன்னர் மனமின்றி ஒப்பினார். தளவாயே ஒப்புவித்தார் என்னும் பழி வேலுத்தம்பியின் தலையில் விழுந்தது. பணம் குறித்த நாளில் சேரவில்லை. பாக்கி ஏறியது. மெக்காலேயின் கடிதங்கள் நாளுக்கு நாள் கடுமையாயின. ஒரு காலத்தில் தம்மை உயர்த்திய கை இப்போது கழுத்தில் இருப்பதை வேலுத்தம்பி உணர்ந்தார். மெக்காலேயோ அவர் பதவி விலகவேண்டும் என்று மன்னரை நெருக்கத் தொடங்கினார்.

நம் ஐயம்பேட்டையின் அருகேயுள்ள வாலாஜாபாத் அக்காலத்தில் கும்பெனியின் பெரிய படைமுகாம். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, தலைப்பாகை பற்றியும் சமயக் குறிகள் பற்றியும் எழுந்த அச்சம் இவ்வாலாஜாபாத் முகாமையும் தொட்டது. தென்னாடு முழுவதும் கும்பெனி தங்கள் குலத்தையும் கோயிலையும் குலைக்கப் போகிறது என்ற பேச்சு பரவியிருந்த காலம் அது. வேலுத்தம்பி தம் போருக்கு மக்களை அழைத்தபோது இந்த அச்சத்தின்மீதே பெரிதும் கைவைத்தார்.

அவருக்குத் துணையாக வந்தவர் கொச்சி அரசின் முதலமைச்சரான பாலியத்தச்சன் கோவிந்தமேனோன். கொச்சியில் அவருக்குப் பகைவராயிருந்த குஞ்ஞுகிருஷ்ணமேனோனுக்கு மெக்காலே புகலிடம் கொடுத்திருந்தார். அச்சனின் சினத்துக்கு அது ஒரு காரணம். இருவரும் கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கும், மொரீஷியஸ் தீவிலிருந்த பிரெஞ்சுக்காரருக்கும் தூது விடுத்தனர். பிரெஞ்சுக் கப்பல்கள் வரும் என்ற நம்பிக்கை இத்திட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று.

இனி அந்நீர்நாட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வேம்பநாட்டுக் காயல் ஆலப்புழை தொடங்கிக் கொச்சிக்கும் வடக்கே ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. மேற்கே ஒடுங்கிய மணல்நிலம், அதற்கப்பால் அரபிக்கடல். கிழக்கிலிருந்து பல ஆறுகள் வந்து கலக்கின்றன. கடலும் காயலும் கூடும் வாயை அழிமுகம் என்பர். அவற்றுள் ஆழமானது கொச்சி அழிமுகம். தெற்கே கொல்லத்தில் எட்டுக் கிளைகளாக விரியும் அஷ்டமுடிக் காயலுக்கு நீண்டகரையில் ஒரு வாய் உண்டு. இந்நீரில் வள்ளப் படைகள் பழமையானவை. புறக்காட்டைத் தலைநகராகக் கொண்ட செம்பகசேரி அரசர்கள் நீண்ட சுண்டன் வள்ளங்களில் வீரரை ஏற்றிப் போரிட்டவர்கள். இன்று ஓணக் காலத்துப் படகோட்டத்தில் நாம் காணும் பாம்பு வடிவப் படகுகள் அப்போர்ப் படகுகளின் வழிவந்தன என்பர். மார்த்தாண்டவர்மர் 1746இல் அந்நாட்டைக் கைக்கொண்டார். அதன் துடுப்புக்காரரும் நீர்வழிகளும் அன்றுமுதல் திருவிதாங்கூருக்கு உரியவாயின.

கொச்சித் துறைமுகத்துக்குள் போல்காட்டி என்னும் தீவு இருக்கிறது. 1744இல் டச்சுக்காரர் அங்கு மாளிகை ஒன்று கட்டினர். அதுவே பின்னர் ஆங்கில ரெசிடெண்டின் இல்லமாயிற்று. தீவாதலின் அங்கே குதிரைப்படை செல்லாது; காலாட்படை நடக்காது. வள்ளம் ஒன்றே வழி. வேலுத்தம்பி அவ்வழியையே தேர்ந்தார்.

முதலில் சூழ்ச்சி. தாம் பதவி துறந்து கள்ளிக்கோட்டைக்குச் சென்று அமைதியாக வாழ இசைவதாக மெக்காலேக்குச் செய்தி அனுப்பினார். மெக்காலே மகிழ்ந்து வழிச்செலவுக்குப் பணமும் துணைக்கு ஆட்களும் ஆலப்புழைக்கு விடுத்தார். இதனால் மாளிகையின் காவல் மெலிந்தது. 1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு தளவாய் புறப்படவேண்டிய ஏற்பாடு. அவர் புறப்படவில்லை, அவருடைய வள்ளங்கள் புறப்பட்டன. வைக்கம் பத்மநாபபிள்ளை தலைமையில் ஆயுதந்தாங்கியோர் காயல்வழியே ஐம்பது கிலோமீட்டர் அளவு வடக்கே வந்தனர். பாலியத்தச்சனின் ஆட்களும் சேர்ந்துகொண்டனர். நள்ளிரவையொட்டி மாளிகை சூழப்பட்டது. துப்பாக்கி வெடித்தபோதுதான் மெக்காலே விழித்தார். போர்த்துகீசியக் குமாஸ்தா ஒருவரின் உதவியால் கீழ்த்தளத்து மறைவிடம் ஒன்றில் ஒளிந்துகொண்டார். உள்ளே புகுந்தவர்கள் அறை அறையாகத் தேடினர். காவலர் சிலரைக் கொன்றனர். தேடிய இருவரும் அகப்படவில்லை.

பொழுது புலர்ந்தது. அழிமுகத்தில் ஆங்கிலக் கொடியோடு ஒரு கப்பல் தெரிந்தது. கும்பெனிக்குப் புதுத் துருப்புகள் வந்திருந்தன. வள்ளங்கள் விலகின. மெக்காலே சிறுபடகில் ஏறிப் போர்க்கப்பலை அடைந்தார். அக்கப்பலின் பெயர் பியெமோந்தேஸ். அது பிரெஞ்சுக்காரர் கட்டிய கப்பல். அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் இலங்கையின் அருகே நடந்த போரில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. பிரெஞ்சுக் கப்பல் வருமென்று காத்திருந்தவருக்கு வந்தது அதுதான். பகைவனை ஏற்றிச்செல்ல வந்தது.

இந்த ஓரிரவிலேயே போரின் முடிவு அடங்கியிருந்தது என்பது என் கருத்து. அமெரிக்க ஏரிகளை மீண்டும் நினைக்க. ஈரி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நயாகரா அருவி நிற்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பாய்ச்சல்கள் நிற்கின்றன. உலகக் கடல்களையெல்லாம் ஆண்ட ஆங்கிலக் கப்பற்படை தன் பெரிய கப்பல் ஒன்றைக்கூட அங்குக் கொண்டுபோக இயலாது. இரு தரப்பாரும் ஏரிக்கரையில் மரம் வெட்டிப் புதுக் கப்பல் கட்டவேண்டியிருந்தது. ஆகவே சிறிய நாடு பெரிய நாட்டைச் சமநிலையில் சந்தித்தது. காயலுக்கு அந்தக் காப்பு இல்லை. வேலுத்தம்பியிடம் வள்ளமும் துடுப்பும் நீரறிந்த ஆட்களும் எண்ணற்று இருந்தனர். ஆனால் கொச்சி அழிமுகம் திறந்து கிடந்தது. டிசம்பர் மாதம் அக்கரையில் கடல் அடங்கியிருக்கும் பருவம். எந்தக் கப்பலும் தங்குதடையின்றி வரலாம். தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கும் ஆனி ஆடியில் அதே தாக்குதல் நிகழ்ந்திருந்தால் துருப்புக் கப்பல்கள் அத்துணை எளிதில் அக்கரையை நெருங்கியிரா. நெருக்கடி அவரைக் காத்திருக்க விடவில்லை.

அதே நாட்களில் புறக்காட்டருகே நிகழ்ந்ததை ஒளிக்க இயலாது. கொல்லத்துக்குச் சென்றுகொண்டிருந்த கும்பெனிப் பக்கத்து வீரர் கரையிறங்கினர். அரசரின் 12ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஐரோப்பியர் முப்பது பேருக்கு மேல். மருத்துவர் ஒருவரும் இறந்தோருள் அடங்குவார். அவர்கள் போரில் மடியவில்லை. பிடித்துக் கட்டப்பட்டு, கொலையுண்டு, பள்ளாத்துருத்தி நீரில் எறியப்பட்டனர். பத்மநாபபிள்ளையின் பொறுப்பில் இருந்த இடம் அது. வேலுத்தம்பியின் இசைவு அதற்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. படைக்குத் தலைவர் அவரே. ஆதலின் அப்பழி அவரை விட்டு நீங்காது. விடுதலை வீரர்களின் வரலாறு எழுதுவோர் பலர் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றனர். அவ்வாறு திருப்புவதால் அவர்களுக்குப் பெருமை கூடுவதில்லை.

வேலுத்தம்பி தெற்கே கொல்லத்துக்கு வந்தார். அங்கே கும்பெனியின் துணைப்படை கர்னல் சால்மர்ஸ் தலைமையில் இருந்தது. 1809 ஜனவரி 11ஆம் நாள், கொல்லம் ஆண்டு 984 தை முதல் நாள், அஷ்டமுடிக் காயலின் கிளையொன்றை அடுத்த குண்டறையிலிருந்து அவர் மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். குண்டறை விளம்பரம் என்று இன்றும் அது பேசப்படுகிறது. கும்பெனியார் நட்பென்று வந்து வஞ்சித்ததையும், இனி உப்பு முதலாக எல்லாவற்றையும் தம் வசமாக்கி வரியைப் பெருக்குவர் என்பதையும், கோயில்களும் குலமுறைகளும் அழியும் என்பதையும் எடுத்துரைத்து, ஊர்தோறும் திரண்டெழுமாறு அழைத்தது. அந்நியர் ஆட்சியை எதிர்த்த ஆவணமாக அதனைப் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆனால் சாதி வரம்பு கெட்டுப்போகும் என்ற முறையீடும் அதில் உண்டு. அவர் காக்க விரும்பிய நாட்டில் பொதுவழியில் நடக்கவும் உரிமையற்ற மக்கள் இருந்தனர். அவர்களுக்கு அவ்வறிக்கை எதனையும் வாக்களிக்கவில்லை.

நான்காம் நாள், ஜனவரி 15, கொல்லத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தளவாயின் பக்கம் திரண்டிருந்தனர். 18 பீரங்கிகள் இருந்தன. ஐந்தாறு மணி நேரப் போருக்குப் பின் அப்படை கலைந்தது. எழுநூறு பேர் வீழ்ந்ததாகவும் 15 பீரங்கிகள் பறிபோனதாகவும் கும்பெனித் தரப்புக் கணக்குக் கூறுகிறது. ஜனவரி 19ஆம் நாள் வடக்கே கொச்சி நகரை மூன்று அணிகள், அணிக்கு ஆயிரம் பேராகத் தாக்கின. மேஜர் ஹியூவிட் சிறுபடையோடு அதனைத் தடுத்து நின்றார். நிலத்தில் தோற்றவர்கள் நீரில் விடவில்லை. நகரைச் சூழ்ந்து உணவு செல்லாதபடி மறித்தனர். காயற்படையின் உண்மையான வலிமை இங்குத்தான் தெரிந்தது. கோட்டையைப் பிடிக்க வள்ளங்களால் ஆகாது, பட்டினியிட ஆகும். ஆயினும் மலபாரிலிருந்து கர்னல் கப்பேஜ் படையுடன் இறங்கியதும் அம்முற்றுகையும் தளர்ந்தது. பாலியத்தச்சன் சமாதானம் நாடினார். அவர் சென்னைக்கு அனுப்பப்பட்டு நெடுங்காலம் காவலில் இருந்தார்.

கடைசி அடி நீரிலிருந்து வரவில்லை, மலையிலிருந்து வந்தது. பாளையங்கோட்டைப் பக்கமிருந்து கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைந்தது. கணவாயின் குறுக்கே இரண்டு மைல் அளவு நீண்ட கோட்டை மதில் இருந்தது. பீரங்கிகளும் இருந்தன. பிப்ரவரி 9ஆம் நாள் இரவு மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஒரு பிரிவினரோடு தென்புறத்துக் குன்றின்மேல் புதரையும் பாறையையும் பற்றி ஏறினார். ஏற ஆறு மணி நேரம் ஆயிற்று. 10ஆம் நாள் விடியற்காலை மதில் அவர்கள் வசமாயிற்று. பாளையக்காரரோடு நடந்த போர்களிலும் பங்கேற்ற இந்த வெல்ஷ் பின்னாளில் தம் போர்நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். அடுத்த பத்து நாட்களுக்குள் உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. டிலனாய் கட்டிய கோட்டை எதிர்ப்பின்றிக் கதவு திறந்தது. வேலுத்தம்பியின் பிறந்த ஊர் பகைவரின் படைவழியில் கிடந்தது.

கும்பெனிப் படை திருவனந்தபுரத்தின் வாயிலில் முகாமிட்டது. மன்னர் தம் தளவாயைக் கைவிட்டார். எழுச்சி முழுவதும் வேலுத்தம்பியின் தனிச்செயல் என்று கும்பெனிக்குத் தெரிவிக்கப்பட்டது. மன்னரிடம் விடைபெற்று வெளியேறும்போதே வேலுத்தம்பி பழியைத் தாமே ஏற்பதாகக் கூறிச் சென்றார் என்றும் சொல்வர். மார்ச் மாதத்தில் உம்மிணித்தம்பி திவானானார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருவோர்க்கு 50,000 ரூபாய் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. அந்நாளில் அது ஒரு சிற்றரசின் வருவாய்.

தம்பி பத்மநாபனுடன் அவர் வடக்கே காடும் ஊரும் கடந்து சென்றார். வழியில் கிளிமானூர் அரண்மனையில் தங்கித் தம் வாளை அக்குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார். பின்பு மண்ணடி பகவதி கோயிலை அடைந்தார். தேடி வந்தோர் கோயிலைச் சூழ்ந்தனர். உயிரோடு பிடிபட அவர் விரும்பவில்லை. தம்மைக் கொல்லுமாறு உடன்பிறந்தானை வேண்டினார். அவன் மறுத்து நடுங்கினான். வேலுத்தம்பி தம் கையாலேயே தம்மைக் குத்திக்கொண்டார். உயிர் போகாமல் துடித்த நிலையில் மீண்டும் வேண்டவே, பத்மநாபன் அண்ணனின் கழுத்தை வெட்டினான். 1809ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி அது. நாற்பத்து நான்கு வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன.

உடல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிடப்பட்டது. இறந்த பகைவனின் உடலை இழிவுசெய்த இச்செயலைக் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே கண்டித்தார். பத்மநாபன் தம்பி ஏப்ரல் மாதத்தில் கொல்லத்தில், 12ஆம் படைப்பிரிவினரின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். வைக்கம் பத்மநாபபிள்ளைக்குப் புறக்காட்டில் தூக்கு. தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் வாழையும் ஆமணக்கும் நடுமாறு உம்மிணித்தம்பி கட்டளையிட்டார். உறவினரை மாலத்தீவுக்கு நாடு கடத்த முனைந்தனர். போர்ச் செலவு திருவிதாங்கூரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. நாயர்ப் படை கலைக்கப்பட்டது. பாலராமவர்மர் 1810இல் காலமானார். மெக்காலேக்குப் பின் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ 1811இல் தாமே திவானாகவும் அமர்ந்தார். பிரெஞ்சுக்காரரின் மொரீஷியஸ் தீவு 1810 டிசம்பரிலேயே ஆங்கிலேயர் வசமாகியிருந்தது.

கிளிமானூர்க் குடும்பத்தார் அந்த வாளை ஒன்றரை நூற்றாண்டு போற்றி வைத்திருந்தனர். 1957இல் அதனைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் அளித்தனர். புதுதில்லி அருங்காட்சியகத்தில் பல்லாண்டு இருந்தபின் 2010இல் அது திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அவ்வாண்டே அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டது. திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன் அவரது சிலை நிற்கிறது. போல்காட்டி மாளிகை இப்போது கேரள அரசின் சுற்றுலா விடுதி. கொச்சியிலிருந்து படகேறி அங்குச் செல்லும் பயணிகள், அழிமுகம் வழியாகப் பெருங்கப்பல்கள் உள்ளே வருவதைத் தோட்டத்தில் அமர்ந்தபடியே பார்க்கலாம்.